பூங்காவுக்கு முன்னால் நிலம்: ஈஸ்ட் பே பயணக் குறிப்புகள்

ஞாயிறு, மிஷன் பீக்

கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், இன்று ஃப்ரீமான்ட் ஊருக்கு மேலே இருக்கும் மிஷன் பீக் மலை. மிஷன் பீக் ஏறணும்னா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடணும், இல்லைன்னா வண்டி நிறுத்த இடம் கிடைக்காது மாமா என்று மாப்பிள்ளை நேற்றே சொல்லிவிட்டார். மலை ஏற எதற்கு இவ்வளவு பரபரப்பு என்று நினைத்தேன். ஸ்டான்ஃபோர்டு அவென்யூ கடைசியில் இறங்கியதும் விளங்கிவிட்டது. சின்னதாக ஒரு நிறுத்துமிடம், அது நிரம்பி, சுற்றியிருக்கும் தெருக்களில் எல்லாம் வாரக்கடைசியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி என்று பலகை. வீட்டு வாசலில் கண்ட கண்ட வண்டி நிற்கிறது, காலை நாலு மணிக்கே சத்தம் என்று அந்தத் தெருக்காரர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டு வாங்கிய பலகை அது. ஒரு பூங்காவின் முதல் எதிரி அதன் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்பது நான் பூங்கா வேலை பார்த்த எங்கள் நகராட்சியிலும் எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் அங்கே அவர் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்வார், இங்கே கூட்டத்துக்கு வந்து மைக் பிடித்துப் பேசுகிறார்.

ஏற்றம் 3 மைல், இறக்கம் 3 மைல், உயரம் 2,500 அடிக்குக் கொஞ்சம் மேல். மரமே கிடையாது, மொட்டைப் புல்மலை. ஜனவரி என்பதால் மழை பெய்து எல்லாம் பச்சை, கோடையில் வந்தால் வைக்கோல் நிறமாகக் காய்ந்து கிடக்குமாம். பாதையில் காதில் விழுந்தது பாதிக்கு மேல் தெலுங்கும் இந்தியும் தமிழும். "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா" என்று ஒரு குழந்தை அழுதுகொண்டே ஏறியது, அதே கேள்வியை நான் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். உச்சியில் ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள், அதன் மேல் தொற்றிக்கொண்டு படம் எடுக்க வரிசை. வரிசையில் நிற்க எனக்குப் பொறுமையில்லை.

பாதி வழியில் மாடுகள். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போ என்று பலகை. நிஜமாகவே மேய்ச்சல் மாடுகள், குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் பே என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம். இங்குள்ள பூங்காக்களை நடத்தும் ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட் (மாவட்டம் இல்லை, பூங்காவுக்கென்றே இருக்கும் பொது அமைப்பு) தன் நிலத்தில் பாதிக்கும் மேல் மாடு, ஆடு விட்டு மேய்க்கிறது. புல் உயர்ந்து காய்ந்தால் கோடையில் தீ, அதனால் புல்லை மாடு தின்னட்டும், அதற்கு மாட்டுக்காரர் நமக்குக் காசும் கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு. பூங்காவுக்குள் மாடு புகுந்ததற்கு மெமோ வாங்கியவர்களோடு வேலை பார்த்தவன் நான். இதை எங்கள் பழைய ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

முழங்கால் இன்னும் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

திங்கள், வீட்டில், மழை

மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. எங்கேயாவது போகலாம் என்று எல்லோரும் கிளம்பி உட்கார்ந்திருந்தோம், மழை விடவே இல்லை. பேரன் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனான், நான் அவன் அம்மாவின் லேப்டாப்பில் இந்த டிஸ்ட்ரிக்ட்டின் கதையைத் தோண்ட ஆரம்பித்தேன்.

இவ்வளவு நிலம் எப்படி வந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அலமேடா, கான்ட்ரா கோஸ்டா என்று இரண்டு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), எழுபதுக்கு மேல் பூங்கா, 1,25,000 ஏக்கருக்கு மேல், நடைபாதை மட்டும் 1,200 மைலுக்கு மேல். நான் பார்த்த ஊரில் ஒரு லேஅவுட்டில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் சைட் 30 சென்ட் இருந்தால் பெரிய விஷயம். அதிலும் ஒரு மூலையில் தண்ணீர் டேங்க், இன்னொரு மூலையில் ரேஷன் கடை, நடுவில் யாரோ கட்டிய கோயில், மிச்சத்தில்தான் ஊஞ்சல். அந்தக் கண்ணோடு படிக்கிறேன், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தண்ணீரில் ஆரம்பிக்கிறது. ஓக்லாண்ட், பெர்க்லி நகரங்களுக்கு மேலே இருக்கும் குன்றுகள் எல்லாம் குடிநீர் கம்பெனிகளின் நீர்ப்பிடிப்பு நிலமாக இருந்து, பிறகு பொதுத் தண்ணீர் வாரியத்தின் கைக்கு வந்தவை. 1929-ல் கிழக்கே சியரா நெவாடா மலையடிவாரத்தில் மொகெலம்னி ஆற்றில் பார்டீ அணை கட்டி, அங்கிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளூர்க் குன்றுகளில் ஒரு பகுதி தண்ணீர் வாரியத்துக்குத் தேவையில்லாமல் போனது. தேவையில்லாத நிலத்தை என்ன செய்வார்கள்? விற்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் வாயில் எச்சில் ஊற நின்றிருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் நடைப்பிரியர்கள் கொஞ்சம் பேர், கல்லூரி ஆட்கள், நகர அதிகாரிகள் எல்லாம் சேர்ந்து இதைப் பூங்காவாக்கு என்று கிளம்பினார்கள். 1930-ல் ஆல்ம்ஸ்டெட் பிரதர்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனமும் தேசியப் பூங்கா சேவையின் ஆன்செல் ஹால் என்பவரும் சேர்ந்து ஒரு அறிக்கை கொடுத்தார்கள். தண்ணீர் வாரியமோ பூங்கா நடத்துவது எங்கள் வேலையில்லை என்று கைவிரித்துவிட்டது. சரி, அப்படியென்றால் பூங்காவுக்கென்றே தனியாக ஓர் அமைப்பு வைத்துக்கொள்கிறோம் என்று 1934 நவம்பரில் ஏழு நகரங்களில் வாக்கெடுப்பு வைத்தார்கள்.

வருடத்தைக் கவனியுங்கள், 1934. பெருமந்தம். வேலை இல்லை, வங்கி திவால், சூப்புக்கு வரிசை. அப்போது போய் ஜனங்களிடம் உங்கள் சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 5 சென்ட் கூடுதலாக வரி கட்டுங்கள், எதற்கு, நடக்கிறதுக்கு என்று கேட்டிருக்கிறார்கள். 71 சதவீதம் பேர் சரி என்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இதை இரண்டு தடவை படித்தேன். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க, பூங்கா என்றதும் நிதிப் பிரிவில் கேட்ட முதல் வார்த்தை "அப்புறம் பார்க்கலாம்". குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் முடிந்து கடைசியில் ஏதாவது மிஞ்சினால் பூங்கா. இங்கே பூங்காவுக்கென்று தனி வரி, தனி இயக்குநர் குழு, அந்த ஏழு பேரையும் வார்டு வாரியாக மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பணத்தை எடுத்துச் சாக்கடைக்குப் போட முடியாது. என் கணக்கில் முழு ரகசியமும் இதுதான், செடி கொடியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1936-ல் முதல் நிலம் வாங்கினார்கள், 2,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இன்றைய டில்டன், சிப்லி, லேக் டெமஸ்கல் மூன்றும் அதில் வந்தவை. பக்கத்துக் கான்ட்ரா கோஸ்டா அப்போது சேரவில்லை, அவர்கள் வருவதற்கு 1964 ஆகிவிட்டது.

மகள் வந்து, "லீவு நாள்ல ஆபீஸ் வேலை பார்க்கறீங்களாப்பா" என்றாள்.

செவ்வாய், டில்டன்

மகளுக்கு மதியம்தான் மீட்டிங். காலையிலேயே பெர்க்லி குன்றின் மேல் டில்டன் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். டிஸ்ட்ரிக்ட்டின் முதல் தலைவர் சார்லஸ் லீ டில்டன் பெயர் வைத்தது. ஒரே பூங்காவுக்குள் ஏரி, கோல்ஃப் மைதானம், குட்டி நீராவி ரயில், 1911-ல் செய்த குதிரை ராட்டினம், பண்ணை எல்லாம் இருக்கின்றன. வாரநாள் என்பதால் ராட்டினம் மூடியிருந்தது, எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

சவுத் பார்க் டிரைவ் என்ற சாலை கேட் போட்டுப் பூட்டியிருந்தது. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஐந்து மாதம் அந்தச் சாலையில் கார் போகக் கூடாது. காரணம் நியூட் என்ற பிராணி. பார்க்கப் பல்லிதான், ஆனால் தவளைக்கு உறவு, ஈரத்தில் வாழ்வது. மழை ஆரம்பித்ததும் குன்றிலிருந்து இறங்கி முட்டையிட ஓடைக்குப் போகும், சாலையைக் கடக்கும்போது டயரில் நசுங்கிச் சாகும். அதனால் சாலையையே மூடிவிட்டார்கள்.

காரை வெளியே விட்டுவிட்டு அந்தச் சாலையில் நடந்தோம். நேற்று பெய்த மழையில் தார் இன்னும் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்திலேயே ஒன்று அகப்பட்டது. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் பெரிசு, முதுகு செங்கல் பழுப்பு, வயிறு நல்ல ஆரஞ்சு. ஒரு முன்னங்காலைத் தூக்கும், யோசிக்கும், வைக்கும், பிறகு எதிர்ப்பக்கப் பின்னங்கால். சாலையின் நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை வர அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நாங்கள் பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டோம். தொடாதீங்கப்பா என்று மகள் கத்தினாள். தோலில் விஷம் உண்டு, டெட்ரோடோடாக்சின், பஃபர் மீனில் இருக்கும் அதே சமாச்சாரம். அவ்வளவு விஷம் இருப்பதால்தான் இவ்வளவு நிதானம் போலிருக்கிறது, பெரும்பாலான எதிரிகளுக்காக அது அவசரப்பட வேண்டியதில்லை. கார் டயருக்கு விஷம் ஏறாது, அதுதான் சிக்கல்.

ஒரு சாலையை வருடத்தில் ஐந்து மாதம் மூடுவது என்ன பெரிய வேலை, பூட்டுப் போட்டால் முடிந்தது என்று தோன்றும். மூடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சாலையில் தினம் போனவர் கேட்பார், தீயணைப்பு வண்டி எப்படிப் போகும் என்று கேட்பார்கள், யாரோ ஒருவர் ஒரு பல்லிக்காகவா என்று கேட்பார். ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொல்ல ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் தாவரவியல் தோட்டம். 1940-ல் ஜேம்ஸ் ரூஃப் ஆரம்பித்தது, 10 ஏக்கர், கலிஃபோர்னியாவின் சொந்தச் செடிகள் மட்டும். பாலைவனம் ஒரு மூலை, கடலோரம் ஒரு மூலை, உயர்மலை ஒரு மூலை என்று மாநிலத்தையே பிரித்து நட்டிருக்கிறார்கள். இந்தக் குளிரிலும் மன்ஸனீட்டா என்ற புதர்ச்செடி பூத்திருந்தது, சின்னச் சின்ன வெள்ளைக் குடங்கள், பட்டை வழவழப்பாக ரத்தச் சிவப்பு. ரோஜாவும் குரோட்டன்ஸும் இல்லாமல் ஒரு அரசுத் தோட்டமா என்று என் பழைய மேலதிகாரி ஒருவர் கேட்டிருப்பார்.

புதன், ஓக்லாண்ட்

இன்று நான் மட்டும். பார்ட் ரயிலில் ஃப்ரீமான்டிலிருந்து நேராக லேக் மெரிட் ஸ்டேஷன். இந்த ஏரி டிஸ்ட்ரிக்ட்டின் சொத்து இல்லை, ஓக்லாண்ட் நகரத்தின் சொத்து. 1870-லேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், அமெரிக்காவிலேயே முதல் சரணாலயம். நகரத்தின் நடுவில் பெலிகன், கூழைக்கடா இனம்தான், பக்கத்திலேயே ஓட்டப் பயிற்சிக்காரர்கள். நான் வந்தது ஒரு மனிதரின் தடத்தைப் பார்க்க. வில்லியம் பென் மாட் ஜூனியர்.

படிப்பில் நிலவடிவமைப்பாளர். 1946 முதல் 1962 வரை ஓக்லாண்ட் நகரப் பூங்காக்களின் கண்காணிப்பாளர், அதாவது என் உத்தியோகம், ஆனால் பல மடங்கு பெரிசு. 1950-ல் இந்த ஏரிக்கரையில் சில்ட்ரன்ஸ் ஃபேரிலேண்ட் என்ற கதைப் பூங்காவைக் கொண்டுவந்தார். வால்ட் டிஸ்னி தன் டிஸ்னிலேண்டைக் கட்டுவதற்கு முன் இங்கே வந்து சுற்றிப் பார்த்திருக்கிறார், இங்கே இருந்த இயக்குநர் அம்மாவையே பிறகு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகலாம் என்று பார்த்தால், குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. பேரன் பள்ளிக்கூடத்தில். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அறுபத்து சொச்சம் வயது ஆள், பேக் மாட்டிக்கொண்டு குழந்தைகள் பூங்காவை எட்டி எட்டிப் பார்ப்பது நல்லா இருக்காது என்று சீக்கிரம் நகர்ந்துவிட்டேன்.

1962-ல் மாட் இந்த டிஸ்ட்ரிக்ட்டின் பொது மேலாளராக வந்தார். அதுவரை டிஸ்ட்ரிக்ட் குன்றின் மேல் நாலைந்து பூங்காவை வைத்துக்கொண்டு சும்மா பராமரித்துக்கொண்டிருந்தது. இவர் இருந்தது ஐந்தே வருடம், அதற்குள் நிலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கான்ட்ரா கோஸ்டா சேர்ந்தது இவர் காலத்தில். நிலம் வாங்குவதற்கென்றே ஹியூலெட் ஹார்ன்பெக் என்ற ஆளைப் பிடித்துப் போட்டார், அவர் இருபது வருடம் அதே வேலையாக நிலம் வாங்கிக்கொண்டே இருந்தார். இங்கேதான் எனக்கு வில்லியம் மாட் மேல் மரியாதை கூடியது. நல்ல மேலாளர் நல்ல தோட்டக்காரரைத் தேடுவார் என்று நினைப்போம், இவர் முதலில் தேடியது பத்திரம், பட்டா தெரிந்த ஆளை. வேலி அப்புறம் போடலாம், பாதை அப்புறம் வெட்டலாம், கக்கூஸ் கூட அப்புறம் கட்டலாம். விலை ஏறிவிட்டால் நிலம் மட்டும் திரும்பக் கிடைக்காது.

1967-ல் ரீகன் கவர்னராக இருந்தபோது இவரை மாநிலப் பூங்காக்களுக்கு இயக்குநராகக் கூட்டிப் போனார்கள். பிறகு அதே ரீகன் ஜனாதிபதி, 1985-ல் தேசியப் பூங்கா சேவைக்கே இயக்குநர். அப்போது இவருக்கு 75 வயது. நமக்கு 58-ல் சால்வை போட்டு மாலை போட்டு, ஒரு குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஏரிக்கரையில் வாத்துகளுக்கு ரொட்டி போடாதே என்று பலகை. அதன் கீழேயே ஒரு பாட்டி ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். சில விஷயங்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

வெள்ளி, ரெட்வுட்

நேற்று எழுதவில்லை, சளி.

இன்று ரெட்வுட் பூங்கா. 2019 முதல் ரைன்ஹார்ட் ரெட்வுட் என்று பெயர், மில்ஸ் கல்லூரித் தலைவராக இருந்த, டிஸ்ட்ரிக்ட்டின் முதல் இயக்குநர் குழுவில் இருந்த ஆரீலியா ரைன்ஹார்ட் நினைவாக. ஓக்லாண்ட் நகரத்துக்கு மேலேயே, காரில் கொஞ்ச நேரம்தான், இப்படி ஒரு காடு. ஒரு காலத்தில் இங்கே நின்ற ரெட்வுட் மரங்கள் அவ்வளவு உயரம், கோல்டன் கேட் கடல்வாய் வழியாக விரிகுடாவுக்குள் வரும் கப்பல்கள் இவற்றை அடையாளம் வைத்துத்தான் தண்ணீருக்குள் மறைந்திருந்த ப்ளாசம் ராக் பாறையில் மோதாமல் திரும்பின. தங்க வேட்டைக் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பலகை வேண்டியிருந்தது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். இப்போது நிற்பவை அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்த அடுத்த தலைமுறை. அதற்கே கழுத்து வலிக்கிறது.

ஓடைப்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். பேரன் முன்னால் ஓடிப் போய், "அப்புச்சி, இங்க வாங்க, வேலி நகருது" என்று கத்தினான். நிஜம்தான். மரவேலியின் கம்பம் ஒன்று முழுக்கச் சிவப்பு, கிட்டே போனால் பொறிவண்டு. ஒன்றின் மேல் ஒன்று, கொத்துக் கொத்தாக, கம்பத்தில், புல் தண்டில், கீழே கிடந்த இலைகளில், ஐவிக் கொடியின் அடியில். வெயில் விழுந்த பக்கம் மட்டும் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன, நிழல் பக்கம் அசைவே இல்லை. சமவெளியில் அசுவினிப் பூச்சியைத் தின்றுவிட்டு, குளிருக்கு இங்கே வந்து கூட்டமாக ஒண்டிக்கொள்ளும், பிப்ரவரி வாக்கில் இணை சேர்ந்துவிட்டுத் திரும்பப் பறந்துவிடும். வேலையில் இருந்தபோது மாவுப்பூச்சிக்குப் பொறிவண்டு விடலாம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்து, டப்பாவில் எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். இங்கே காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நல்லவேளை, யாரும் அந்த இடத்தில் கண்ணாடி மண்டபம் கட்டி டிக்கெட் போடவில்லை. பாதை விட்டு இறங்காதே, கையில் எடுக்காதே, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் மேட்டில் யூகலிப்டஸ் வாசனை. ஊட்டி மாதிரி இருக்கில்ல மாமா என்றார் மாப்பிள்ளை. இங்கேயும் அதே கதைதான். ஆஸ்திரேலிய மரம், சீக்கிரம் வளரும், விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று நூறு வருடத்துக்கு முன் ஃபிராங்க் ஹேவன்ஸ் என்பவர் குன்று முழுக்க நட்டார். பலகைக்கு லாயக்கில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மரம் மட்டும் நின்றுவிட்டது. 1972 டிசம்பரில் கடும் உறைபனி வந்து மரங்கள் கருகின, தீப் பிடித்துவிடும் என்று நிறைய வெட்டினார்கள், வெட்டிய கட்டை எல்லாம் மறுபடி துளிர்த்தது. 1991 அக்டோபர் 20, காய்ந்த காற்று அடித்த ஞாயிற்றுக்கிழமை, ஓக்லாண்ட் குன்றுகளில் தீ. 25 பேர் செத்தார்கள், 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின.

அதற்குப் பிறகு இந்த வேலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு மரமும் வழக்குதான். வெட்டினால் மரநேசர்கள் சண்டை, வெட்டாவிட்டால் தீ. களைக்கொல்லி அடிக்காவிட்டால் கட்டை துளிர்க்கும், அடித்தால் அதற்கும் வழக்கு. டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சொந்தமாகத் தீயணைப்புத் துறை, சொந்தப் போலீஸ், ஹெலிகாப்டர் வரை இருக்கின்றன. வெள்ளாட்டு மந்தையைக் கூலிக்குப் பிடித்து வந்து புதர் மேய விடுகிறார்கள். தீத்தடுப்புக்கும் பராமரிப்புக்கும் பெர்க்லி, ஓக்லாண்ட் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு 12 டாலர் தனி வரி கட்டுகிறார்கள், அதையும் 2018-ல் ஓட்டுப் போட்டு நீட்டித்துக்கொண்டார்கள். எனக்கு மலைப்பாக இருப்பது ஹெலிகாப்டர் இல்லை, அந்த 12 டாலர் ஓட்டு.

சனி, பிளாக் டயமண்ட்

கடைசியாக வடகிழக்கே ஆன்டியாக் ஊர்ப் பக்கம், பிளாக் டயமண்ட் மைன்ஸ். நிலக்கரிச் சுரங்கம் பூங்காவான இடம். 1860-களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலம் வரை கரி வெட்டினார்கள், சுற்றிலும் ஐந்து ஊர் இருந்தது, நார்ட்டன்வில், சாமர்ஸ்வில் என்று. பிறகு அதே மலையில் கண்ணாடி செய்ய மணல் வெட்டினார்கள், 1949-ல் அதுவும் நின்றது. ஊர்கள் இருந்த இடத்தில் இப்போது புல், மாடு, சுரங்கத் தொழிலாளிகள் நட்டுவிட்டுப் போன மரங்கள். 1970-களில் டிஸ்ட்ரிக்ட் வாங்க ஆரம்பித்தது. பொத்தல் பொத்தலாகக் குழி விழுந்த மலையை யார் வாங்குவார்கள்? அதனால்தான் வாங்க முடிந்தது. ஆனால் வாங்கிய பிறகு ஒவ்வொரு திறப்பையும் தேடி அடைப்பது அவர்கள் தலையில். நாங்கள் போனபோது சுற்றிப் பார்க்கும் சுரங்கமும் மூடியிருந்தது.

மேட்டின் மேல் ரோஸ் ஹில் கல்லறை. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த சுரங்கக் குடும்பங்கள் நிறைய, சின்னக் கற்களில் பாதி குழந்தைகள், டிஃப்தீரியா, அம்மை. சாரா நார்ட்டன் என்ற மருத்துவச்சியின் கல்லும் இருக்கிறது, 1879-ல் பிரசவம் பார்க்கப் போகும் வழியில் குதிரை வண்டி கவிழ்ந்து இறந்தவர். ஊர் காலியான பிறகு கல்லை உடைத்தார்கள், திருடினார்கள். டிஸ்ட்ரிக்ட் பொறுப்பேற்ற பிறகு உடைந்ததை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள், நிறையக் கற்களில் ஒட்டுத் தெரிகிறது. ஒரு பூங்கா மேலாளரின் வேலைப் பட்டியலில் கல்லறை பராமரிப்பும் உண்டு என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாசலில் ஒரு ரேஞ்சர் குப்பைத் தொட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நானும் இதே வேலைதான் பார்த்தேன் என்று சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார். சுரங்கம், சுற்றுலா எல்லாம் விட்டுவிட்டு நாங்கள் பேசியது தொட்டி மூடியைப் பற்றி, பன்றி கவிழ்க்காத மூடி எது, அதன் கீல் எத்தனை வருடம் வரும் என்று. மாப்பிள்ளை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இங்கே 1973-ல் சேர்ந்த ராபர்ட் டாயில் என்பவர் 2011-ல் பொது மேலாளராகி 2020 வரை இருந்திருக்கிறார். ஒரே இலாகாவில் 47 வருடம். அவருக்கு முன் இருந்தவர்கள் காலத்தில் 1988-ல் 22.5 கோடி டாலருக்கும், 2008-ல் 50 கோடி டாலருக்கும் கடன் பத்திரம் வெளியிட மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2008 நவம்பர், வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த மாதம். அப்போதும் போட்டார்கள். எங்கள் நகராட்சியில் சொத்துவரியோடு பூங்கா வரி என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை ஓட்டு விழும் என்று வரும் வழியெல்லாம் காரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை 20 சதவீதம் என்றார். நான் இன்னும் குறைவாகத்தான் சொன்னேன். மகள் மட்டும், "கேட்டுப் பார்த்திருக்கீங்களாப்பா?" என்றாள். யாரும் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கு: பல பூங்காக்களில் கட்டணமே இல்லை, சிலவற்றில் வண்டிக்கு மட்டும். தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், மலை மேல் ஒரு கடையும் கிடையாது. மிஷன் பீக் போவதானால் ஸ்டான்ஃபோர்டு அவென்யூவை விட்டுவிட்டு ஓலோனி கல்லூரிப் பக்கம் ஏறுங்கள், காசு கொடுத்தாவது வண்டியை நிம்மதியாக நிறுத்தலாம்.